மண் தொட்டிக்கு எனாமல் அடிக்கலாமா? கொட்டாங்கச்சி, உடைந்த டைல்ஸ், பழைய டயர் வைத்துத் தோட்டத்தை அழகாக்குவது பற்றி

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். தனி வீடு. மொட்டை மாடியில் கொஞ்சம் தொட்டிகள், கீழே வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு மண் பட்டை. செடிகள் நன்றாகத்தான் வருகின்றன. பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒரு பக்கம் பெயின்ட் வாளி, இன்னொரு பக்கம் குரோ பேக், நடுவே பால் கவரில் புதினா. நர்சரியில் விற்கிற பீங்கான் தவளை, ஃபைபர் கொக்கு இவற்றை வாங்க எனக்கு மனசு வரவில்லை. விலையும் அப்படி இருக்கிறது.

பிள்ளைகளுக்கு லீவு விடப்போகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கையாலேயே ஏதாவது செய்யலாம் என்று ஆசை. கையில் இருப்பவை: வருஷா வருஷம் சேர்ந்த பொங்கல் பானைகள், பத்துப் பன்னிரண்டு மண் தொட்டிகள், ஒரு சாக்கு கொட்டாங்கச்சி, பாத்ரூம் வேலையில் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள், வீட்டுக்காரர் "ஆகும்" என்று எடுத்து வைத்திருக்கிற இரண்டு கார் டயர்.

என் திட்டம் இதுதான். மண் தொட்டிகளுக்கு எனாமல் பெயின்ட் அடித்து மேலே படம் வரைவது. டயருக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்து அதில் மண் நிரப்பிச் செடி வைப்பது. சரியாக வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வேடிக்கை (சென்னை)

செடிக்கு எதுக்குங்க மேக்கப்? செம்பருத்தி பூத்தால் அதுவே அழகு. மஞ்சள் டயருக்கு நடுவில் அது பூத்தால் யாரும் பூவைப் பார்க்க மாட்டார்கள், டயரைத்தான் பார்ப்பார்கள்.

நாஞ்சில் செம்பருத்தி (நாகர்கோவில்)

வேடிக்கை அண்ணா, கொல்லையில் கரிப்பானையைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் புள்ளி வைத்து, கண்ணும் மூக்கும் வரைந்து கம்பில் நிறுத்தினார்களே, அது என்ன? கண் படக்கூடாது என்று வைத்தது என்பீர்கள். சரி, ஆனால் மீசை எதற்கு வரைந்தார்கள்?

அக்கா, அந்தச் சாக்கு நிறைய இருக்கிற சிரட்டையில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. தேங்காய்க்கு மூன்று கண் உண்டல்லவா, அதில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். முளை வருவதற்கான வழி அது. கண் இருக்கிற பாதியைத் தனியாகப் பொறுக்கி எடுங்கள். அந்த மெத்தென்ற கண்ணில் ஆணியால் குத்தினாலே தண்ணீர் வடிய ஓட்டை ரெடி, டிரில்லே வேண்டாம். கண் இல்லாத பாதியை அகப்பைக்கோ அடுப்புக்கோ கொடுத்துவிடலாம்.

முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, உள்ளே ஒட்டியிருக்கிற பருப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். வெளியே இருக்கிற நாரை உப்புத்தாளால் தேய்க்கலாம். 80 நம்பரில் ஆரம்பித்து 120, கடைசியில் 220. அப்புறம் பழைய துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருங்காலி மாதிரி ஒரு நிறம் வரும். வார்னிஷும் அடிக்கலாம், பளபளக்கும், எனக்குப் பிடிக்காது. விளிம்பில் சம தூரத்தில் மூன்று ஓட்டை. அதற்கு மட்டும் டிரில் வேண்டும், அல்லது பழுக்கக் காய்ச்சிய கம்பி. அந்த இரண்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சிரட்டையில் பிடிக்கிற மண் இரண்டு கைப்பிடிதான். உங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். டேபிள் ரோஸ், சின்னச் சதைப்பற்றுச் செடிகள் இவை தாங்கும். மற்றதை வைத்துவிட்டு வாடுகிறதே என்று சொல்லக் கூடாது.

கொசுவலை (சேலம்)

டயர் வேண்டாம் அக்கா. அழகு இருக்கட்டும், அதன் வடிவத்தைப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் உள்மடிப்பில் தண்ணீர் தங்கும், சாய்த்தாலும் முழுசாக வடியாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டோம் என்றும் இருக்க முடியாது, ஏனென்றால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு அடுத்த மழையில் பொரிக்கும். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் கண் முதலில் போவதே டயர் மேல்தான்.

மண் நிரப்பிவிடுகிறேன் என்பீர்கள். மண் இறுகி அமுங்கும்போது மேல் மடிப்புக்குள் இடைவெளி விழும். அங்கே போதும் அதற்கு.

மலைக்கோட்டைக்காரி

ஐயோ, இப்படி ஒரு கோணம் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. வீட்டுக்காரரிடம் இந்தப் பதிவைக் காட்டினேன். "அப்போ ஊஞ்சல் கட்டலாமா" என்கிறார். கீழே ஒரு வேப்பமரம் இருக்கிறது.

கொசுவலை

கட்டலாம். டயரைப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை பெரிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஓட்டையைப் பக்கவாட்டு ரப்பரில் போடச் சொல்லுங்கள். தரையில் உருளும் பாகத்துக்குள் இரும்புக் கம்பி ஓடும், டிரில் மாட்டிக்கொள்ளும்.

மண்வாசம் (மானாமதுரை)

எனாமல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சக்கரம் சுற்றுகிற தொழில்.

மண் தொட்டியின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே ஆவியாகும். அந்த ஆவிதான் வேரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. குடிக்கிற பானையில் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். எனாமல் அடித்தால் அந்த வழி அடைபடும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள உப்பும் உரத்திலுள்ள உப்பும் சுவர் வழியாக வெளியே வந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பெயின்ட் இருந்தால் அதற்கு அடியில் பூத்து, தோலைத் தள்ளும். ஒரு மழைக்காலம் போனால் கொப்புளம் கொப்புளமாக உரிந்து நிற்கும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, எந்த பிராண்டானாலும் இதுதான் கதி.

தொட்டி வெள்ளையாக வேண்டுமா, சுண்ணாம்பு அடியுங்கள். மூச்சு விடும், வெயிலைத் திருப்பியும் விடும். மாடித் தொட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, இரும்பு வாளியில் தண்ணீர் வைத்து, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். நீற்றுகிற வேலை நடக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. மறுநாள் வேட்டித் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு ஒரு டம்ளர் சோற்றுக் கஞ்சி ஊற்றிக் கலக்குங்கள். தொட்டியைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு, மெல்லிசாக இரண்டு கை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு அது கல்லாக இறுகும். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கும்போது தொட்டிக்கும் ஒரு கை அடித்தால் தீர்ந்தது.

அதன் மேல் கோலம் வேண்டுமென்றால் காவிக்கட்டியைக் கரைத்துக் கழுத்துப் பக்கம் ஒரு பட்டை, அதற்குக் கீழே புள்ளிக் கோலம். பிள்ளைகள் தாராளமாகச் செய்யலாம். உள்பக்கம் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். இட்லிப்பூ மாதிரி புளிப்பு மண் கேட்கிற செடிகள் சுண்ணாம்பு சேர்ந்தால் இலை மஞ்சளாகும்.

காரைவீடு (காரைக்குடி)

மண்வாசம் அண்ணனிடம் ஒரு சின்ன வழக்கு. எங்கள் வீட்டில் எனாமல் அடித்த மண் தொட்டிகள் இருக்கின்றன. மணி பிளான்ட், சேம்பு, பெரணி எல்லாம் அதில்தான் செழிப்பாக நிற்கின்றன. ஈரம் போகாமல் நிற்பதே அவற்றுக்கு நல்லதாக இருக்கிறது. ஊருக்குப் போனால் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமலும் தாங்குகிறது. எல்லாவற்றுக்கும் கூடாது என்று அடித்துச் சொல்ல முடியுமா?

மண்வாசம்

முடியாதுதான். நீங்கள் சொன்ன மூன்றும் ஈரம் கேட்கிற செடிகள், நிழலில் இருப்பவை, உரமும் அதிகம் போட மாட்டீர்கள். உப்பு பூப்பது குறைவு. அந்த மாதிரிச் செடிக்கு அடிப்பதானால் புதுத் தொட்டியை நன்றாக வெயிலில் காயவைத்து, முதலில் உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு வெளியே அடியுங்கள். ஈரத் தொட்டியில் அடித்தால் நிற்காது. மாடியில் உச்சி வெயிலில் நிற்கிற ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

மலைக்கோட்டைக்காரி

அண்ணா, பொங்கல் பானைகளில் ஓட்டை இல்லையே. போடும்போது விரிசல் விடாதா?

மண்வாசம்

இரவு முழுக்க ஊறப் போடுங்கள். கவிழ்த்து, மணல் மேல் வைத்து, சுவருக்குப் போடுகிற டிரில் பிட்டால் மெதுவாகத் துளைக்க வேண்டும். மெஷினில் சுத்தியல் குறி இருக்கிற பொத்தானைத் தொடாதீர்கள். முதலில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வெந்த பானை, தாங்கும். மந்தமாகக் கேட்டால் சூளையில் சரியாக வேகவில்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது. கடம் செய்கிற ஊர்க்காரன் சொல்கிறேன், காதை நம்பலாம்.

உடைந்தால் உடையட்டும். உடைந்ததை அந்த நாலடி மண் பட்டையில் படுக்க வைத்துப் பாதியை மண்ணில் புதையுங்கள். வாயிலிருந்து டேபிள் ரோஸ் வெளியே பரவுகிற மாதிரி நடுங்கள். முழுப் பானையைவிட அதுதான் நன்றாக இருக்கும்.

ரிட்டயர்டு இன்ஜினியர் (கோவை)

தோரணம் எல்லாம் கட்டுவதற்கு முன் பாரத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். வீட்டு மாடியை வடிவமைக்கும்போது ஆள் நடமாட்டம் உள்ள தளத்துக்கு, இந்தியத் தர நிர்ணயம் 875, இரண்டாம் பகுதியின்படி, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைதான் கணக்கு. நனைந்த மண் கன மீட்டருக்கு 1,600 கிலோவுக்கு மேல் போகும். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினாலே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. ஆகவே தென்னை நார்க்கழிவு கலந்த லேசான கலவை போடுங்கள். கனமானவற்றைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவருக்கும் பீமுக்கும் மேலே வையுங்கள். சிமென்டில் செய்கிற எதுவும் மாடியில் வேண்டாம், கீழே மண் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் என்றதும் ஒன்று. பழைய டர்க்கி டவல் இருக்கிறதா அம்மா? சிமென்டைக் கெட்டி மோர் பதத்தில் கரைத்து, டவலை அதில் முக்கி எடுத்து, பாலிதீன் சுற்றிய ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போர்த்துங்கள். மடிப்புகள் தானாக விழும், அதுதான் அதன் அழகு. மறுநாள் வாளியை உருவிவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். இந்த ஒரு வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வீடியோவில் காட்டுகிறவர்களும் வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் தொட்டி பொருக்குப் பொருக்காக உதிர்கிறது என்று புகார்.

உடனே செடி வைக்காதீர்கள். புது சிமென்ட் கடுமையான காரம். சில நாள் தண்ணீர் நிரப்பி வைத்து, மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். ரப்பர் கையுறை இல்லாமல் ஈர சிமென்டைத் தொட வேண்டாம். பிள்ளைகள் கை புண்ணாகும்.

சும்மா வேடிக்கை

சுண்ணாம்பு கண்ணைக் குருடாக்கும், சிமென்ட் கையைப் புண்ணாக்கும், டயர் டெங்கு கொடுக்கும். இதற்கு ஃபைபர் கொக்கே தேவலை என்று தோன்றுகிறது.

காரைவீடு

ஃபைபர் கொக்கு இரண்டு வெயிலில் வெளுத்து, காக்கா ஆகிவிடும்.

மலைக்கோட்டை அக்கா, உங்கள் டைல்ஸ் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சண்டிகரில் இருக்கிற ராக் கார்டன் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேக் சந்த் என்று ஒரு அரசு சாலை ஆய்வாளர். 1957-ல் யாருக்கும் தெரியாமல் தொடங்கியது. பழைய கட்டடங்களை இடித்த குப்பை, உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல் இவற்றை வைத்தே ஆயிரக்கணக்கில் பொம்மைகள் செய்துவைத்தார். 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வளையல் துண்டுகளையே சேலையாக உடுத்தி நிற்கிற பொம்மைகள் அங்கே உண்டு.

நமக்கு அவ்வளவு வேண்டாம். அந்த மண் பட்டையில் கால் வைத்து நடக்க நாலைந்து கல் செய்யுங்கள். பழைய கேக் தட்டு அல்லது பிளாஸ்டிக் பேசின் அடியில் எண்ணெய் தடவி, டைல்ஸ் துண்டுகளைப் பளபளப்பான முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே சிமென்ட் மணல் கலவையை இரண்டு அங்குலம் ஊற்றினால் போதும். பிள்ளைகள் இஷ்டப்படி அடுக்கட்டும். கூர் முனைகளை முதலில் சாணைக்கல்லில் தேய்த்துவிடுங்கள். ஒரே ஒரு விஷயம், பாத்ரூம் சுவர் டைல்ஸ் வழவழவென்று இருக்கும், மழையில் சறுக்கும். அதை நடைகல்லில் கொஞ்சமாகச் சேர்த்து, மிச்சத்தைத் தொட்டி விளிம்பில் ஒட்டுங்கள். சொரசொரப்பான தரை டைல்ஸ் வேண்டுமானால் டைல்ஸ் கடைகளில் கேளுங்கள், உடைந்ததைச் சும்மாவே கொடுப்பார்கள். எங்கள் பக்கம் ஆத்தங்குடிக் கல் துண்டுகள் கிடைக்கும். நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் நிறம் மேல்தோலில்தான், வெயிலிலும் மழையிலும் போட்டால் மங்கும்.

பனங்காய் (வடமராட்சி)

வணக்கம் அக்கா. நான் கதைக்க வந்தது வேறு. பிள்ளைகளுக்கு ஓலைக் காற்றாடி செய்யத் தெரியுமோ? தெரியாவிட்டால் இந்த லீவில் பழக்கிவிடுங்கோ. பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்தால் வெளிறி நல்ல வடிவான நிறம் வரும். ஒரு சாண் நீளத்தில் இரண்டு கீற்று, ஈர்க்கை உருவிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றை மடித்துக் கொளுவினால் நாலு சிறகு. நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியை மூங்கில் குச்சியில் இறுக்கிவிட்டால் முடிந்தது. முள்ளுத் துவாரம் கொஞ்சம் லூசாக இருக்கவேணும், இல்லாவிட்டால் சுற்றாது.

நாங்கள் சின்ன வயதில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு வயலெல்லாம் ஓடுவோம். இப்ப என் தோட்டத்தில் கத்தரிக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருக்கிறேன். ஓட்டமும் நடையும் காற்றின் பாடு. சாயம் வேணுமென்றால் பாய் இழைக்கிறவர்கள் போடுகிற சாயத்தூளைக் கொதிக்க வைத்து ஓலையை அதில் அவியவிட வேணும். மேலே பூசினால் ஒட்டாது. மழைக்கு ஓலை கறுத்துப் போகும். போனால் குப்பைக்குழியில் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யலாம்தானே.

நாஞ்சில் செம்பருத்தி

அருமை அண்ணா. எங்கள் பக்கம் பனை இருக்கிறது, செய்யத்தான் ஆளில்லை. பேரனுக்குச் செய்து காட்டப் போகிறேன்.

சிரட்டையைத் தொங்கவிடுவதைச் சொல்ல மறந்தேன். இப்போது மேக்ரமே என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, பாட்டி மோர்ப்பானை தொங்கவிட்ட உறிதான். வெளியே கட்டுவதற்குச் சணல் வாங்காதீர்கள். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் இற்றுப்போய்த் தொட்டியோடு விழும். தேங்காய் நார்க் கயிற்றில் நாரைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருள் அதிகம், ஈரத்தை நன்றாகத் தாங்கும். கையில் குத்தும், அவ்வளவுதான். உள்ளே கூடத்தில் தொங்கவிட நூல் கயிறு போதும்.

ரிட்டயர்டு இன்ஜினியர்

தொங்குகிற எதையும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே மாட்டாதீர்கள். உள்பக்கமாகவே இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் என் மகள் இருந்த குடியிருப்பில் மாடித் தொட்டிகள் கார்களின் மேல் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வைத்துவிட வேண்டும். அதற்கு வசதியாகக் கொக்கியில் மாட்டுங்கள், முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள்.

கொசுவலை

இன்னொன்று. பறவைக்குத் தண்ணீர் வைக்கிற மண் தட்டு அழகாகத்தான் இருக்கும், வையுங்கள். ஆனால் தினமும் கொட்டித் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். வெறுமனே மேலே நிரப்பினால் ஓரத்து முட்டை அப்படியே இருக்கும்.

மலைக்கோட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று வேலையை ஆரம்பித்துவிட்டோம். டயர் ஒன்று வேப்பமரத்தில் ஏறிவிட்டது, இன்னொன்று பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. எனாமல் டப்பா வாங்கவில்லை. பொங்கல் பானைகளைத் தட்டிப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது, மந்தமாகக் கேட்டவை மூன்று. சின்னவன் டைல்ஸில் அடுக்கியது மயிலாம். எனக்கு மீனாகத் தெரிகிறது. சிமென்ட் ஊற்றிவிட்டதால் இனி அவன் சொல்வதுதான்.

நார்க் கயிறு காந்தி மார்க்கெட் பக்கம் வாங்கிவிட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு கேட்டால் கடைக்காரர் பாக்கெட்டில் இருக்கிற பவுடரைக் கொடுக்கிறார். அது ஆகுமா மண்வாசம் அண்ணா?

மண்வாசம்

ஆகும். அது ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்பு, கொதிக்காது, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வகையில் நல்லதுதான். தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு அடியுங்கள். பாக்கெட் பழசாக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். காற்றுப் பட்டு முன்பே இறுகத் தொடங்கியிருந்தால் சுவரில் பிடிக்காது, தொட்டால் கையோடு வரும்.

சும்மா வேடிக்கை

சிரட்டை விஷயமாக ஒரு சந்தேகம். எனக்கில்லை, வீட்டில் கேட்கிறார்கள். வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே விழாது. அதில் டேபிள் ரோஸ் வருமா?

நாஞ்சில் செம்பருத்தி

உயிரோடு இருக்கும், பூக்காது. வெயில் வந்தால்தான் அது கண்ணைத் திறக்கும். மணி பிளான்ட் தண்டு ஒன்றை வெட்டி வையுங்கள், சின்னதாகவே வளரும். தண்ணீர் ஊற்றும்போது ஓட்டை வழியாகச் செம்மண் சொட்டும், கீழ்வீட்டார் துணி காயப்போடுகிற கொடிக்கு நேர் மேலே மாட்டிவிடாதீர்கள் அண்ணா.